பரிபூரணத்தின் ஓரத்தில் நின்றவள்: நாஸ்டிக் மரபின் ஒளியுலகமும் லோகாதிபதிகளும்

கி.பி. 180ஆம் ஆண்டு வாக்கில், இன்றைய பிரான்சின் லியோன் நகரில் ஆயராக இருந்த இரேனியஸ், தம் எதிரிகளான நாஸ்டிக் குழுவினரின் இறையியலைக் கேலி செய்ய ஒரு காய்கறித் தோட்டத்தையே உண்டாக்கினார். ஆதியில் எண்ணத்துக்கு எட்டாத ஒரு மூலம் இருந்ததாம். அதனோடு இருந்த சக்திக்குச் சுரைக்காய் என்று பெயராம். சுரைக்காயோடு வெறுமை என்றொரு சக்தி. அவை இரண்டும் சேர்ந்து வெள்ளரிக்காயைப் பிறப்பித்தன. வெள்ளரிக்காய்க்குத் துணை முலாம்பழம். விருப்பம்போல் பெயர் சூட்டலாம் என்றால், எல்லோருக்கும் தெரிந்த, நம்பத் தகுந்த இந்தப் பெயர்களையே சூட்டலாமே என்று கேட்டார் ஆயர்.

கூர்மையான கேலிதான். ஆனால் அது தாக்கிய விஷயத்தைப் பதினேழு நூற்றாண்டுகள் மறைத்தும் வைத்தது. ஆழம், மௌனம், மனம், மெய்மை, சொல், வாழ்வு என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறக்கும் அந்தத் தெய்வ இருப்புகளை, வேலையற்றவர்கள் கோத்த பெயர் மாலை என்றே உலகம் எண்ணிக்கொண்டது. நிதானமாகப் படித்தால் அவற்றின் பின்னால் ஒரே கேள்வி நிற்பது தெரியும். குறையே இல்லாத ஒன்றிலிருந்து, குறையும் சாவும் மலிந்த இந்த உலகம் எப்படி வந்தது? இடையில் எந்தப் படியில், யாருக்குக் கால் இடறியது?

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழில் ‘நாஸ்டிக்’ என்று எழுதியவுடன் நாஸ்திகம் நினைவுக்கு வருகிறது. ஒலி மட்டுமே ஒற்றுமை. நாஸ்திகம் ‘இல்லை’ என்பதிலிருந்து வந்தது. நாஸ்டிக் என்பது அறிவைக் குறிக்கும் ‘க்னோசிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லும் வடமொழி வழி நமக்கு வந்த ‘ஞானம்’ என்ற சொல்லும் ஒரே இந்தோ ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. அப்படியானால் ‘ஞானவாதிகள்’ என்றே எழுதலாமே என்று தோன்றும். அங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்த மரபின் கதைத்தலைவியான சோபியாவின் பெயருக்கும் ஞானம் என்றுதான் பொருள். அறிவும் ஞானமும் கிரேக்கத்தில் இரண்டு சொற்கள். அறிவை நாடும் மக்களின் கதையில் இடறி விழுபவள் ஞானமே என்ற வேதனையான முரண், இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் காணாமல் போய்விடும். ஆகவே இங்கே நாஸ்டிக், சோபியா என்ற ஒலிபெயர்ப்புகளையே வைத்துக்கொள்கிறேன்.

1945 வரை இந்த மரபைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி எதிரிகள் எழுதி வைத்தது. அந்த ஆண்டு மேல் எகிப்தில், நாக் ஹம்மாதி ஊருக்கு அருகே, உரம் கலந்த மண் தோண்டப் போனவர்களுக்கு ஒரு சாடி கிடைத்தது. உள்ளே தோல் உறையிட்ட பாப்பிரஸ் ஏடுகள். கிரேக்கத்திலிருந்து காப்டிக் மொழிக்குப் பெயர்க்கப்பட்டு 4ஆம் நூற்றாண்டில் படியெடுக்கப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் அவற்றில் இருந்தன. அவற்றுள் ‘யோவானின் மறைநூல்’ மட்டும் மூன்று ஏடுகளில் மூன்று படிகளாகக் கிடைத்தது. நான்காவது படி, 1896இல் கெய்ரோவில் வாங்கப்பட்டு பெர்லினுக்குப் போன ஏட்டில் ஏற்கெனவே இருந்தது. இத்தனை முறை படியெடுக்கப்பட்ட நூல், படித்தவர்களின் உள்ளத்தில் எங்கே இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் சாய்வதும் அதன் மீதுதான்.

அந்த நூல் ‘இல்லை’களில் தொடங்குகிறது. பரம்பொருளைக் கடவுள் என்றுகூட எண்ணக் கூடாது, ஏனெனில் அது கடவுளினும் மேலானது. அதற்கு அளவு இல்லை, பெயர் இல்லை, உருவம் இல்லை. உருவமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. நூல் அதைக் காணா ஆவி என்றும் தந்தை என்றும் அழைக்கிறது. அந்தத் தந்தை தன்னைச் சூழ்ந்திருக்கும் ஒளியில், வாழ்வின் நீரூற்றில், தன்னையே பார்க்கிறார். பார்த்த அந்த நினைவு வெறும் நினைவாக நின்றுவிடவில்லை. அது எழுந்து அவர் முன்னே வந்து நின்றது. அவள்தான் பார்பேலோ: முதல் எண்ணம், தந்தையின் பிம்பம், அனைத்துக்கும் கருப்பை, தாய்தந்தை.

நாஸ்டிக் அண்டவியலின் உயிர்நாடி இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. இங்கே நடப்பது படைப்பு அல்ல. குயவன் பானையை வனைந்தால் பானை வேறு, குயவன் வேறு. இங்கே பிறப்பது ஊற்றிலிருந்து நீர் வருவதைப் போன்றது. ‘முப்பகுதி நூல்’ என்று இன்று அழைக்கப்படும் நாக் ஹம்மாதி நூல் அதே உவமையைத்தான் சொல்கிறது: எவ்வளவு நீர் வழிந்தாலும் குறையாத ஊற்று, மரமும் கிளையும் கனியும் கொண்ட வேர். பரம்பொருள் தன்னை அறிகிறது. அறிந்த ஒவ்வொன்றும் உயிர்பெற்று நிற்கிறது. கடவுளின் அகவாழ்வே ஓர் உலகமாக விரிகிறது.

பார்பேலோ வேண்டுகிறாள், தந்தை இசைகிறார். முன்னறிவு, அழிவின்மை, நிலைவாழ்வு, மெய்மை ஒவ்வொன்றும் வெளிப்பட்டு நின்று தந்தையைத் துதிக்கின்றன. பிறகு தான்தோன்றியான மகன். அவனிடமிருந்து நான்கு பேரொளிகள்: ஹர்மோசேல், ஒரோயேல், தாவீதே, எலேலேத். பேரொளி ஒவ்வொன்றின்கீழும் மூன்று ஏயோன்கள், ஆக 12. கிரேக்கத்தில் ஏயோன் என்பது ஆயுள், ஊழி, நித்தியம் என்று பல பொருள் தரும் சொல். நாஸ்டிக் நூல்களில் அது ஒரே நேரத்தில் ஒரு காலம், ஓர் இடம், ஓர் ஆள். நம் வழக்கப்படி ‘தேவர்கள்’ என்று மொழிபெயர்த்தால் தவறிவிடுவோம். தேவர்களுக்கு வரமும் போரும் வாகனமும் உண்டு. ஏயோன்களின் வேலை நிற்பதும் அறிவதும் துதிப்பதும் மட்டுமே.

இவர்கள் எல்லோரும் சேர்ந்த நிறைவுக்குப் பிளெரோமா என்று பெயர். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லின் தமிழ் வடிவம் புதியதல்ல. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் ‘தேவத்துவத்தின் பரிபூரணம்’ என்று வரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது பிளெரோமாதான். பவுலின் பெயரில் வந்த வரியை நாஸ்டிக் ஆசிரியர்கள் ஒரு நாட்டின் பெயராக வாசித்தார்கள். எதிரணி கோபப்பட்டதில் வியப்பில்லை.

அந்த நாட்டுக்கு மிக நுட்பமான வரைபடம் போட்டவர்கள் வாலண்டினஸின் மாணவர்கள். வாலண்டினஸ் எகிப்தில் பிறந்து, அலெக்சாந்திரியாவில் கல்வி கற்று, 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோமில் போதித்தவர். அவருடைய மாணவர் தாலமியின் வழி வந்தவர்கள் போதித்ததை இரேனியஸ் விரிவாகவே பதிவு செய்திருக்கிறார். ஏயோன்கள் 30 பேர். எல்லோரும் இணை இணையாக. ஆழமும் மௌனமும் முதல் இணை. அடுத்து மனமும் மெய்மையும், சொல்லும் வாழ்வும், மனிதனும் சபையும். இந்த எட்டுப் பேரில் சொல்லும் வாழ்வும் பத்துப் பேரை ஈன்றன. மனிதனும் சபையும் பன்னிரண்டு பேரை. இயேசு முப்பது வயது வரை மறைவாக வாழ்ந்தது இந்த முப்பதைக் குறிக்கத்தான் என்றார்கள். திராட்சைத் தோட்ட உவமையில் வேலையாட்கள் அழைக்கப்பட்ட மணிகளான 1, 3, 6, 9, 11 ஆகியவற்றைக் கூட்டினாலும் முப்பதுதான் என்றார்கள். இந்த எண் கணக்கு என்னை ஈர்ப்பதில்லை. இணைகளின் தர்க்கம் ஈர்க்கிறது. மௌனம் இல்லாத ஆழம் ஏது? வாழ்வு இல்லாத சொல் வெறும் ஓசை. எதுவும் தனியாகப் பெற்றெடுக்க முடியாது என்பதே பரிபூரணத்தின் சட்டம். அந்தச் சட்டம் மீறப்படும் இடத்தில்தான் நம் உலகத்தின் கதை தொடங்குகிறது.

தந்தையை முழுதாக அறிய வல்லவன் மனம் ஒருவனே. அந்த இன்பத்தை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ள அவன் விரும்பினான். மௌனம் அவனைத் தடுத்தாள். அதனால் மற்ற ஏயோன்கள் தங்கள் வேரைக் காண வேண்டும் என்று அமைதியாக ஏங்கிக்கொண்டிருந்தார்கள். முப்பதாவது ஆளான சோபியாவால் அமைதியாக ஏங்க முடியவில்லை. கடைசிப் படியில், பரிபூரணத்தின் ஓரத்தில் நின்றவள் அவள். தன் இணையை விட்டுவிட்டு அவள் தந்தையின் பேரளவை அறியப் பாய்ந்தாள். எட்ட முடியாததை எட்டத் துடித்தவள், தந்தையின் இனிமையில் கரைந்தே போயிருப்பாள். எல்லை என்ற பெயருடைய ஒரு சக்தி எதிரே நின்று அவளைத் தாங்கிக்கொண்டது. அந்த எல்லைக்குச் சிலுவை என்றும் ஒரு பெயர் உண்டு.

‘இனிமையில் கரைந்து’ என்பது என் அலங்காரம் அல்ல. அவர்களின் கதையில் உள்ளது. உலகத்தின் துயரத்துக்கு மூலமாக எத்தனையோ மரபுகள் ஆணவத்தையும் கலகத்தையும் பொறாமையையும் சொல்லியிருக்கின்றன. வாலண்டினஸின் மாணவர்கள் சொன்ன காரணம், தாங்க முடியாத அன்பு. தகப்பனைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அளவு மீறியது; அவ்வளவுதான் நடந்த குற்றம். இதைவிட இரக்கம் மிகுந்த வீழ்ச்சிக் கதையை நான் படித்ததில்லை.

சோபியா மீட்கப்பட்டாள், ஆனால் அவளிடமிருந்து பிரிந்த ஏக்கம் எல்லைக்கு வெளியே, இருட்டிலும் வெறுமையிலும் தள்ளப்பட்டது. அதற்கு ஆக்கமோத் என்று பெயர். ஞானம் என்பதற்கான எபிரேயச் சொல்லின் திரிபு அது. அந்த ஆக்கமோத் துக்கப்பட்டாள், பயந்தாள், திகைத்தாள், பிறகு தான் வந்த திசையை நோக்கித் திரும்பினாள். இந்த உணர்வுகளே உலகத்தின் மூலப்பொருள்கள் ஆயின. அவள் கண்ணீரிலிருந்து நீர் பிறந்தது, அவள் சிரிப்பிலிருந்து ஒளி, துக்கத்திலிருந்தும் திகைப்பிலிருந்தும் திடப்பொருள். இரேனியஸ் இங்கும் விடவில்லை. கடல்நீர் கண்ணீரைப்போல் உப்புக் கரிக்கிறது, சரி. ஆற்று நீர் எங்கிருந்து வந்தது, அவள் வியர்வையிலிருந்தா என்று கேட்டார். எனக்கோ இதில் ஓர் ஆழ்ந்த உள்ளுணர்வு தெரிகிறது. கல்லும் மண்ணும் இறுகிப்போன உணர்ச்சி என்று சொல்வதற்கு, உலகத்தை ஒருவர் எவ்வளவு கனத்த மனத்தோடு தொட்டிருக்க வேண்டும்! இதே வட்டத்தில் தோன்றிய ‘மெய்மையின் நற்செய்தி’, மனவேதனை பனிமூட்டம்போல் இறுகியதால் யாராலும் பார்க்க முடியவில்லை என்கிறது.

யோவானின் மறைநூலில் கதை வேறு தொனியில் போகிறது. அங்கே சோபியா, இணையின் இசைவு இல்லாமல் தானே ஒரு பிம்பத்தைப் பெற்றெடுக்க விரும்புகிறாள். பிறந்தது தாயைப் போல் இல்லை. சிங்க முகமும் பாம்பு உடலும் மின்னல் தெறிக்கும் கண்களும் கொண்ட ஓர் உரு. தன் குழந்தையைப் பிற ஏயோன்கள் பார்த்துவிடக் கூடாதே என்று அவள் அதை ஒளிமேகத்தால் மூடி, நடுவே ஒரு சிம்மாசனம் போட்டு வைக்கிறாள். அவன்தான் யால்தபாவோத். முட்டாள் என்று பொருள்படும் சக்லாஸ் என்பதும் அவன் பெயர். சமாயேல் என்பதும் அவன் பெயர். தாயிடமிருந்து பெருஞ்சக்தியை எடுத்துக்கொண்டு, தனக்கென்று ஓர் உலகம் அமைக்கிறான். வானங்களுக்கு ஏழு அரசர்கள், பாதாளத்துக்கு ஐந்து. ஏழு பேருக்கும் ஆட்டு முகம், கழுதை முகம், கழுதைப்புலி முகம், குரங்கு முகம் என்று ஆளுக்கொரு முகம். மேலே துதிக்கும் ஏயோன்கள் இருந்த இடத்தில் கீழே ஆளும் அதிபதிகள். மேலுலகின் நகல் இது. நகலெடுத்தவன் மூலத்தைப் பார்த்ததே இல்லை.

பிறகு அவன் வாய் திறக்கிறான்: நான் எரிச்சலுள்ள தேவன், என்னைத் தவிர வேறு தேவன் இல்லை. யாத்திராகமத்திலும் ஏசாயாவிலும் கேட்ட குரல். நூலாசிரியர் உடனே குறுக்கிடுகிறார்: வேறு ஒருவரும் இல்லையென்றால் இவன் யார்மீது எரிச்சல் கொள்கிறான்? இதைச் சொன்னதாலேயே, இன்னொரு கடவுள் இருப்பதைத் தன் தூதர்களுக்கு அவன் காட்டிக்கொடுத்துவிட்டான்.

இந்த இடத்தின் கூர்மையை ரசிக்கும்போதே ஒரு நெருடலையும் சொல்லியாக வேண்டும். யூதர்கள் உயிரைக் கொடுத்து வணங்கிய கடவுளை அறிவற்ற அதிபதியாக்கும் கதை இது. அதே சமயம் சோபியா, ஆதாம், ஏவாள், சேத், தூதர்களின் பெயர்கள் என்று இதன் கட்டுமானப் பொருள் முழுவதும் யூத மரபுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது. வேதத்தை மிக நெருக்கமாக அறிந்த ஒருவரால்தான் இவ்வளவு துல்லியமாக அதைத் தலைகீழாக்க முடியும். எல்லா ஆசிரியர்களும் இவ்வளவு தூரம் போகவும் இல்லை. வாலண்டினஸ் மரபில் உலகைப் படைத்தவன் கொடியவன் அல்ல, அறியாதவன் மட்டுமே. அந்த மரபின் ஹெராக்ளியோன், யோவான் நற்செய்தியில் மகனுக்காக இயேசுவிடம் மன்றாட வரும் அரச அலுவலரை அந்தப் படைப்பாளியின் உருவகமாக வாசித்தார். ‘அதிபதிகளின் இயல்பு’ என்ற நாக் ஹம்மாதி நூலோ, யால்தபாவோத்தின் மகன் சபாவோத் மனம் திரும்பியதாகச் சொல்கிறது. அவன் தந்தையைக் கண்டித்து, சோபியாவைத் துதிக்கிறான். அவள் அவனை ஏழாம் வானத்துக்குத் தலைவனாக்குகிறாள். அதிபதிகளின் கோட்டைக்குள்ளேயே ஒரு கதவு திறக்கிறது.

அந்த நூல் தொடங்குவதே எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் வரியோடுதான்: நமக்குப் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல. தமிழ் விவிலியத்தில் லோகாதிபதிகள் என்ற கனமான சொல் வரும் அதே வசனம். பவுலின் பெயரில் ஒரு வரியில் நிற்கும் அந்த அதிபதிகளுக்கு நாஸ்டிக் ஆசிரியர்கள் முகமும் பெயரும் வேலையும் கொடுத்தார்கள். அந்த வேலைகளில் பெரியது மனிதனைச் செய்தது. யோவானின் மறைநூலில் 365 தூதர்கள் கூடி ஆதாமின் உடலை உறுப்பு உறுப்பாக அமைக்கிறார்கள். அந்நூலின் நீண்ட வடிவம் கொண்ட ஏடுகளில் தலையிலிருந்து கால் நகம் வரை ஒவ்வொன்றையும் செய்தவரின் பெயர் இருக்கிறது. இத்தனை பேர் உழைத்தும் உடல் அசையவில்லை. மேலிருந்து வந்த ஆலோசனையை நம்பி யால்தபாவோத் அதன் முகத்தில் ஊதுகிறான். தாயிடமிருந்து எடுத்த ஒளி அவனை விட்டு ஆதாமுக்குள் போய்விடுகிறது. செய்தவர்களைவிடச் செய்யப்பட்டவன் மேலானவன் ஆகிறான். நமக்குள் இருப்பது சோபியா தவறவிட்ட ஒளி என்பதே இந்தக் கதை முழுவதும் சொல்ல வந்த செய்தி.

இதை எதிர்த்தவர்கள் ஆயர்கள் மட்டுமல்லர். 3ஆம் நூற்றாண்டில் ரோமில் போதித்த பிளோட்டினஸ், ஒருமையிலிருந்து மனமும் மனத்திலிருந்து ஆன்மாவும் வழிவதாகச் சொன்ன மாபெரும் மெய்யியலாளர். ஊற்றும் ஒளியும் அவருக்கும் பிடித்த உவமைகள். அவரே இவர்களுக்கு எதிராக எழுதினார்: தேவையற்ற படிகளைப் பெருக்குகிறார்கள், அழகான இந்த அண்டத்தையும் அதைச் செய்தவனையும் இகழ்கிறார்கள். தம் நண்பர்கள் சிலரே இக்கருத்தில் சிக்கியிருந்ததைக் குறிப்பிடும்போது அவர் குரல் தணிகிறது. அவருடைய வகுப்பில் புழங்கிய நூல்களாக மாணவர் போர்ஃபிரி குறித்து வைத்த பெயர்களில் சோஸ்திரியானோஸ், அல்லோகேனேஸ் இரண்டும் உண்டு. அதே தலைப்புகள் கொண்ட நூல்கள் நாக் ஹம்மாதி சாடியிலிருந்து வெளிவந்தன. பிளோட்டினஸின் குற்றச்சாட்டில் பாதி நியாயம் என்று நினைக்கிறேன். விண்மீன்களைச் சிறைக் காவலர்களாகப் பார்ப்பவர் ஓர் அழகை இழக்கிறார். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அண்டத்தின் ஒழுங்கைக் காட்டி ஆறுதல் சொல்ல முடியாது. அவருக்குச் சோபியாவின் கண்ணீர் புரியும்.

இறங்கி வந்த படிகளிலேயே உயிர் திரும்ப ஏற வேண்டும். படிதோறும் காவல் இருக்கிறது. ‘யாக்கோபின் முதல் வெளிப்பாடு’ என்ற நூலில், வழிமறித்து உட்கார்ந்திருப்பவர்கள் சுங்கக்காரர்கள் எனப்படுகிறார்கள். வரி கேட்பது மட்டுமல்ல, உயிர்களைத் திருடியும் கொள்வார்கள். ரோமானிய எகிப்தில் வரி கட்டி நொந்தவர்களுக்கு இந்த அதிபதிகளை அறிமுகப்படுத்த வேண்டியிருந்திருக்காது. நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று அவர்கள் கேட்கும்போது சொல்ல வேண்டிய விடையை இயேசு யாக்கோபுக்குக் கற்றுக்கொடுக்கிறார்: நான் மகன், தந்தையிடமிருந்து வருகிறேன். இந்த விடை தெரிந்திருப்பதற்குப் பெயர்தான் க்னோசிஸ்.

இந்தக் குழுக்களில் பெரும்பாலானவை காலப்போக்கில் மறைந்தன. தெற்கு ஈராக்கிலும் ஈரானின் குசிஸ்தானிலும் ஒரு சமூகம் மட்டும் மறையவில்லை. திருமுழுக்கு யோவானைப் போற்றும் மாந்தேயர்கள் அவர்கள். மாந்தா என்றாலும் அரமேய மொழியில் அறிவுதான். அவர்கள் வணங்குவது ‘பெருவாழ்வை’. அதைச் சூழ்ந்து உத்ராக்கள் என்ற ஒளியுயிர்கள். பெருவாழ்விலிருந்து இரண்டாம் வாழ்வு, மூன்றாம் வாழ்வு என்று இறங்கி, நான்காவதான பதாஹில் இந்த உலகைச் செய்கிறான். மூன்றாம் வாழ்வான அபாத்தூர் தராசு வைத்து உயிர்களை எடை போடுகிறார். அவரிடம் போகும் வழியில் இங்கும் காவல் சாவடிகள் உண்டு.

2003 போருக்குப் பிறகு மாந்தேயர்களில் பெரும்பாலோர் ஈராக்கை விட்டு வெளியேறினார்கள். சிட்னியில் குடியேறியவர்கள் வெள்ளை உடை அணிந்து நெப்பியன் ஆற்றில் இறங்குகிறார்கள். மாந்தேயத் திருமுழுக்குக்குத் தேங்கிய நீர் ஆகாது. ஓடும் நீர் வேண்டும். ஒளியுலகத்திலிருந்தே அது பாய்ந்து வருகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. எந்த நாட்டில் எந்த ஆறாக இருந்தாலும், இறங்கிய பிறகு அவர்களுக்கு அது யார்த்னா, யோர்தான். பூசாரி பெருவாழ்வின் பெயரைச் சொல்லி, ஆளை மூன்று முறை நீரில் அமிழ்த்தி எடுக்கிறார்.